வேருக்கு முதல் ஊசி

வருகைப் பதிவு இயந்திரம் என் இடது மோதிர விரலை ஏற்றுக்கொள்ளாது. அதில் ரேகை கிடையாது. பதினோரு வருடமாகக் குத்திக் குத்தி நுனி காய்த்துப்போய், தொட்டுப் பார்த்தால் எனக்கே அது வேறு யாருடைய விரலோ என்று இருக்கும். அந்த விரலைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. பயிற்சி வகுப்புகளில் தூக்கிக் காட்டியிருக்கிறேன். இப்போது பேருந்தில் யாராவது பார்த்தால்கூட மடக்கிக்கொள்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. காசிமேட்டில் கடல் சுவரை ஒட்டியிருந்த நல மையத்தில் களப்பணியாளராக இருந்தேன். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நானும் அந்தச் சுவரோரம் ஆளுக்காக நின்றவள், கையில் ஊசி போட்டுக்கொண்டு விழுந்து கிடந்தவள். அதுதான் தகுதி. எங்களிடம் வருகிறவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் 'எச்.ஐ.வி. அபாயம் அதிகமுள்ளோர்'. தொழில் செய்கிற பெண்கள், திருநங்கைகள், ஆணைத் தேடிப் போகும் ஆண்கள், போதை ஊசிக்காரர்கள். எனக்கு அவர்கள் எல்லாரும் தெரிந்த முகங்கள், அவ்வளவுதான்.

சொல்லப்போனால் எச்.ஐ.வி. நான் வேலை பார்த்த கடைசி வருடங்களில் எங்கள் பக்கம் யாருக்கும் வரவில்லை. மாதம் ஒரு முறை விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்து, கையோடு ஒரு தடுப்பு ஊசி. அது வந்தபிறகு சுவர்களில் இருந்த விளம்பரத்தை எல்லாம் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். பாதி மையங்களை மூடினார்கள். தலைவாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லைக் கதவை மறந்த கதைதான். எச்.ஐ.வி. வரும் அதே ரத்தத்தின் வழியாக ஈரலைத் தின்னும் வைரஸும் வரும். ஹெபடைடிஸ் சி. தடுப்பு ஊசி அதைத் தடுக்காது. அது சத்தம் போடாது, இளைக்க வைக்காது. பத்து வருடம் உள்ளே உட்கார்ந்து தின்றுவிட்டு, ஒரு நாள் கண்ணை மஞ்சளாக்கி வயிற்றை ஊத வைக்கும்.

வருடக்கணக்காகத் தனக்குத்தானே போதை ஊசி போட்டுக்கொண்டவன்கூட மையத்தில் விரலை நீட்டச் சொன்னால் பின்வாங்குவான். சிரிக்காதீர்கள். நாமே குத்திக்கொள்வது வேறு, வெள்ளைச் சட்டைக்காரர் குத்துவது வேறு. ரத்தத்தை எடுத்து என்ன செய்வார்களோ, போலீஸுக்குக் கொடுப்பார்களோ என்று ஆயிரம் பயம். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சர்க்கரைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி, உள்ளே ஊசி மாட்டிய குத்தும் பேனாவை எடுத்து, "பாரு, மொதல்ல என் விரல்," என்பேன். என் மோதிர விரலில் வைத்து டக்கென்று அழுத்துவேன். சிவப்பாக ஒரு மணி எழும். பஞ்சால் துடைத்துவிட்டு, பேனாவில் இருக்கும் ஊசியைக் கழற்றி நீலத் தொட்டியில் போட்டு, புது ஊசி மாட்டி, அவர்கள் விரலைப் பிடிப்பேன். ஒருவரும் மறுத்ததில்லை. தலைமை அலுவலகம் அதை வீடியோ எடுத்தது. நாற்பது மையங்களில் அந்த வீடியோ ஓடியது. நாற்பது மையத்திலும் என்னைப் போன்றவர்கள், முதலில் தங்கள் விரலை நீட்டினார்கள்.

போன வருடம் மையத்துக்கு அந்தப் பெட்டி வந்தது. மைக்ரோவேவ் அடுப்பு அளவில் இருக்கும். டாக்டர் யாழினி அதை மேசையில் வைத்து விளக்கினார். தாம்பரத்திலிருந்து ரயில் மாறி மாறி வருகிற பெண். மதியச் சோற்றைத் திறக்காமலே திருப்பி எடுத்துப்போவார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

"இந்த வைரஸ் ஒவ்வொரு உடம்புலயும் தன்னைத்தானே காப்பி எடுக்கும்போது சின்னச் சின்னத் தப்பு பண்ணும்க்கா. பரீட்சைல ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் எழுதினா, முதல் பையன் பண்ண தப்பு எல்லார் பேப்பர்லயும் இருக்கும்ல? அத வச்சு யார் யாரைப் பாத்து எழுதினாங்கன்னு வாத்தியார் புடிச்சிடுவார். இந்தப் பெட்டி அந்த வாத்தியார்."

"அப்போ ஜாதகப் பெட்டின்னு சொல்லு," என்றாள் பவளம். "யாருக்கு யாரு அப்பன்னு சொல்லுது."

பவளம் திருநங்கை. நான் சுவரோரம் நின்ற காலத்திலிருந்து என் சிநேகிதி. என்னைப் போதையிலிருந்து இழுத்து வந்தவள் அவள்தான். மூன்று நாள் அறைக்குள் பூட்டிவைத்து, நான் கடித்த கடியைத் தாங்கிக்கொண்டு, கஞ்சி ஊற்றினாள். இப்போது அவள் என் அறையில்தான் தங்கியிருந்தாள். வயிறு நீர் கோத்து எட்டு மாதக்காரி மாதிரி இருந்தது. "எல்லா கடவுளையும் கேட்டேன் ஒரு புள்ள குடுன்னு. காது கேக்காத சாமி எதுவோ தண்ணிய குடுத்துட்டுப் போயிருக்கு," என்று அவளே கிண்டல் செய்வாள்.

இந்த வைரஸுக்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒரே ஒரு ஊசி, ஆள் குணம். அதுதான் வயிற்றெரிச்சல். முன்பெல்லாம் கேட்டவர்களுக்கு எல்லாம் போட்டார்கள். குணமானவர்கள் மறுபடி தொற்றிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது மேலிடம் சலித்துவிட்டது. பெட்டியோடு சேர்த்து ஒரு விதியும் வந்தது. பெட்டி ஒவ்வொரு தொற்றுக் கூட்டத்துக்கும் ஒரு மரம் வரையும். யாரிடமிருந்து கிளம்பியதோ அவர் வேர். வேரைக் கண்டுபிடித்தால்தான் மரத்துக்கு மருந்து. முதல் ஊசி வேருக்கு, பிறகுதான் கிளைகளுக்கு. வேர் இறந்துபோயிருந்தால் இறப்புச் சான்றிதழைக் காட்டினால் போதும்.

எங்கள் மரத்தில் முப்பது பேர். பவளம் அதில் ஒருத்தி. எல்லாருக்கும் மேலே, வேர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு காலி வட்டம்.

"எவ்ளோ நாள் இருக்கு பவளத்துக்கு?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இப்ப வைரஸ நிறுத்தினா ஈரல் கொஞ்சமாவது தேறும். ரெண்டு மாசம் தாண்டினா மருந்து குடுத்தும் பிரயோஜனம் இருக்காதுக்கா."

அந்தக் காலி வட்டத்தின் ஆளைக் கூட்டிவருவது என் வேலை ஆயிற்று. ஐந்து வாரம் அலைந்தேன். மீன் ஏலக் கூடம், பாலத்தடி, லாட்ஜுகள், பழைய கூட்டாளிகளின் வீடுகள். மரம் எனக்குப் பிடிபடவில்லை. போதைக்காரனுக்குப் பக்கத்தில் ஊசியையே பார்க்காத பெண் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ டிரைவர், அவனுக்கும் அவளுக்கும் முகம்கூடத் தெரியாது. எல்லாருமே மாதா மாதம் மையத்துக்கு வந்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் ஒரு பொதுவும் இல்லை. அதை நான் ஒரு துப்பாக நினைக்கவே இல்லை. மையத்துக்கு வந்தால்தானே பெட்டிக்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மையத்துக்கு வராமல் போனவன் ஒருவன் இருந்தான். ஏகாம்பரம். ஐஸ் தொழிற்சாலையில் லோடு ஏற்றுகிறவன், பழைய ஊசிக்காரன். மூன்று மாதமாக ஆளைக் காணோம். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஆறாவது வாரம் டீக்கடையில் நாலு பேர் என்னைச் சுற்றிக்கொண்டு, "எங்க மருந்து இன்னா ஆச்சுக்கா?" என்று கேட்டபோது, அசதியில் வாயை விட்டேன்.

"ஒளியறவன்தான் வேரு. வேற யாரு ஒளிவான்?"

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஏகாம்பரம் வந்தது ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கீழ் உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. காலில் செருப்பில்லை. வாசற்படியிலேயே நின்றான்.

"உள்ள வாடா."

"வரேன். பெட்டில ரத்தம் வெக்கணும், அதானே? வெக்கறேன். அதுக்கப்புறம் நீ ஒரு வேலை செய்யணும்க்கா. ஐஸ் ஃபேக்டரிக்கு வந்து, டீக்கடைக்கு வந்து, என் ஹவுஸ் ஓனர் வூட்டாண்ட வந்து, இவன் இல்லன்னு சொல்லணும். இவன்தான்னு சொன்னது நீதானே."

"உன் பேர நான் சொல்லலடா."

"காசிமேட்ல மூணு மாசமா ஒளிஞ்சவன் எத்தினி பேரு கீறான்? மாமா வூட்ல எனக்குப் பொண்ணு பாத்துனு இருந்தாங்க. சென்டர் பக்கம் வந்தா யாராவது பாத்துடுவாங்கன்னு வரல. அவ்ளோதான் சமாச்சாரம். இப்ப வேலையும் இல்ல, ரூமும் இல்ல, பொண்ணும் இல்ல."

அவனை உட்காரவைத்தேன். பேனாவை எடுத்தேன். பழக்க தோஷம், அது முதலில் என் விரலுக்குத்தான் போயிற்று.

"எனக்கு எதுக்குக்கா காட்டற?" என்றான். "எப்ப வந்தாலும் காட்டற. பதினாறு வருஷம் நானே குத்திக்கினவன்."

"இருக்கட்டும்டா," என்று சொல்லி அழுத்தினேன். துடைத்தேன். ஊசியை மாற்றினேன். அவன் விரலைப் பிடித்தேன்.

பெட்டிக்கு இருபது நிமிடம் ஆகும். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கிழிந்த உதட்டோடு உறிஞ்ச முடியாமல் பன்னை நனைத்து வாயில் வைத்துக்கொண்டான். திரையில் மரம் வந்தது. ஏகாம்பரம் வேர் இல்லை. கிளைகூட இல்லை. ஒரு கிளையின் கடைசி நுனியில் ஒரு இலை. அவனிடமிருந்து யாருக்கும் போகவில்லை. அவனுக்கு வந்து ஏழெட்டு மாதம் இருக்கலாம் என்று பெட்டி கணக்குச் சொல்லியது.

"எனக்கும் இது கீதா?" என்றான். அவன் முகம் அப்போதுதான் விழுந்தது. "ஏழெட்டு மாசமா? எப்டிக்கா? நான் ஊசிய வுட்டு ரெண்டு வருஷம் ஆவுது. எவகிட்டயும் போவல. பச்ச குத்தல, பல்லு புடுங்கல. சலூனுக்குக்கூடப் போறதில்ல, தாடிய பாரு. ரெண்டு வருஷத்துல என் ஒடம்புல ரத்தம் பாத்த ஒரே ஆளு நீதான்."

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனவன் கடைசி விரலில் என்னைச் சொன்னான். அவன் என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

அவனை வெளித் திண்டில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஊசியை ஆளுக்கு ஆள் மாற்றினேன். மாதா மேல் ஆணையாக மாற்றினேன். மூடியை மாற்றியதில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? மூடி குத்துவதில்லை. விரல் மேல் உட்காரும், அதன் ஓட்டை வழியே ஊசி வந்துபோகும், அவ்வளவுதான். சாயங்காலம் வெளிப்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைப்போம். பேனாவோடு வந்த தாளில் 'ஒருவருக்கு ஒரு பேனா' என்று பொடி எழுத்தில் இருந்தது. முந்நூறு பேருக்கு நாலு பேனா அனுப்பிவிட்டு இது வேறயா என்று அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

மூடியைக் கழற்றினேன். உள் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம். காய்ந்த வெற்றிலைக் கறை மாதிரி பழுப்பாக.

முதலில் என் விரல். அப்புறம் அவர்கள் விரல். அதே மூடி.

எனக்கு அந்த வைரஸ் இருந்தது, குணமாயிற்று. பன்னிரண்டு வருடம் முன்னால். சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஊழியர் பரிசோதனையில் என் ரத்தம் பாசிட்டிவ் என்றுதான் வரும். பழைய வியாதியின் தழும்பு அது, சாகும்வரை காட்டும் என்பார்கள். 'பழையது' என்று எழுதி மூடிவிடுவார்கள். நானும் அம்மை மாதிரி என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் மாதா படம்தான், ஆனாலும் அம்மை என்றால் ஆத்தாதான். ஒரு தடவை வந்து இறங்கிவிட்டால் அதே வீட்டுக்கு மறுபடி வரமாட்டாள். இந்த வைரஸ் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும். மற்றவர்களுக்கு அதை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினோரு வருடத்தில் என் விரலிலிருந்து எத்தனை சொட்டு வந்திருக்கும். அத்தனையும் பஞ்சில் போயிற்று. ஒன்றுகூடப் பெட்டிக்குள் போனதில்லை.

டாக்டர் அன்று ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். கதவைச் சாத்தினேன். தனி ஊசி ஒன்றைப் பிரித்துக் குத்திக்கொண்டேன். முதல் முறையாக வலித்தது. பெயர் கேட்ட இடத்தில் 'சோதனை' என்று அடித்தேன். இருபது நிமிடம் பெட்டி முனகிக்கொண்டே இருந்தது. காலி வட்டம் நிறைந்தது. எனக்கு எங்கிருந்து, எந்த வருடம் வந்தது என்று கேட்டால் பெட்டிக்குத் தெரியாது. எனக்கு மேல் மரம் இல்லை.

ஏகாம்பரத்தோடு போய் ஐஸ் தொழிற்சாலையிலும் டீக்கடையிலும் அவன் வீட்டுக்காரரிடமும் "இவன் இல்ல" என்று சொன்னேன். "அப்போ யாரு?" என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பயம்தான். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பவளத்துக்குக் கஞ்சி கொடுத்தேன். உப்பு ஆகாது என்பது டாக்டர் கட்டளை.

"உப்பில்லாம துன்னு துன்னு ரோஷமே போச்சுடி," என்றாள். "நேத்து பக்கத்து வூட்டுக்காரி ஒரு மாதிரி பாத்தா. சண்ட போடக்கூடத் தோணல."

அப்போது சொல்லிவிட்டேன். பேனா, மூடி, பெட்டி எல்லாவற்றையும். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்து நிமிர்ந்தபோது அவள் மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா," என்றாள்.

"நான்தான்."

"ஒன் கையாலயா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "சரி, போ. எவனெவனோ கையால வந்திருக்கும்னு நெனச்சி எத்தினி பேர சபிச்சினு இருந்தேன் தெரியுமா? பாவம், அவனுங்க மேல தப்பில்ல."

"திட்டுடி என்னை."

"திட்ட உப்பு வேணும்." கிண்ணத்தை நகர்த்தினாள். "இத்த யார்கிட்டயும் சொல்லாத. என் பேர போடு. செத்த வேரு ஆனா பேப்பர் இருந்தா போதும்னு சொன்னாங்க இல்ல? நான் எப்டியும் போறவ. போறவ தலைல ஒரு மூட்ட ஏத்தினா இன்னா வந்துச்சு? ஊரே சொல்லும், அந்தப் பவளம்தான் எல்லாத்துக்கும் காரணம்னு. சொல்லட்டும். இதுவரைக்கும் நல்லதா சொல்லினு இருந்தானுங்க?"

"நீ போகமாட்ட. நாளைக்குச் சொல்லிடறேன். மருந்து வந்துரும்."

"நாளைக்குத்தானே," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மதியம் ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆட்டோவில் என் மடியில் சாய்த்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள். அவளை அம்மா என்று கூப்பிட்ட திருநங்கைகள் எல்லாம் வந்து கையடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மூன்று நாளையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் டாக்டர் யாழினி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவர் கண்களும் வீங்கியிருந்தன.

"பெட்டில 'சோதனை'ன்னு ஒரு பதிவு இருக்கு. செவ்வாய்க்கிழமை. நீங்கதானே?"

"ஆமா."

"எப்படின்னு எனக்கும் புரிஞ்சிடுச்சு. பேனா மூடியப் பாத்தேன். நான் டாக்டர், முதல்லயே பாத்திருக்கணும்." கைக்குட்டையை எடுத்து மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "மூணு நாள் முன்னாடி சொல்லியிருந்தாலும் பவளம் பிழைச்சிருக்க மாட்டாங்க. அத மனசுல வச்சுக்காதீங்க."

அவர் நல்ல மனசில் சொன்னார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

"அக்கா, நான் சொல்றத பொறுமையா கேளுங்க. அந்தப் பதிவ ஊழியர் சோதனைன்னு அழிச்சிடலாம். பவளத்தோட இறப்புச் சான்றிதழ் இருக்கு. வேர் அவங்கதான்னு போட்டா நாளைக்கே முப்பது பேருக்கும் மருந்து வந்துரும். உங்க பேரப் போட்டா என்ன நடக்கும்னு தெரியுமா? உங்கள மட்டும் அனுப்பமாட்டாங்க. நாப்பது மையத்துலயும் உங்கள மாதிரி இருக்கறவங்க எல்லாரையும் அனுப்புவாங்க. பழைய நோயாளிய வேலைக்கு வச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்லுவாங்க. அதுக்குன்னே காத்திருக்கறவங்க மேல இருக்காங்க."

"பவளமும் இதத்தான் சொன்னா."

"அப்புறம் என்ன?"

ஆசையாகத்தான் இருந்தது. பவளம் தன் வாயாலேயே கொடுத்துவிட்டுப் போனாள். முப்பது பேர் பிழைப்பார்கள். எனக்கு வேலை நிலைக்கும். நாற்பது மையத்திலும் என் கூட்டாளிகள் கஞ்சி குடிப்பார்கள். பொய்க்கு இத்தனை பேர் சாட்சிக்கு நின்று நான் பார்த்ததில்லை.

"மேடம், நாப்பது மையத்துல என் வீடியோ ஓடுதே," என்றேன்.

"அத நிறுத்தச் சொல்லலாம். பேனாவ மாத்தச் சொல்லி நானே கடிதம் எழுதறேன்."

"பேனா பத்தலன்னு முன்னாடியும் நீங்க எழுதியிருக்கீங்க. மூணு தடவ. பதில் வந்துச்சா? கடுதாசிய எவன் படிப்பான்? ஆளு சிக்கினாதான் படிப்பானுங்க. இன்னிக்குக் காலைலயும் எங்கயோ ஒருத்தி, 'பாரு, மொதல்ல என் விரல்'னு குத்திக்கினு இருப்பா. என்ன மாதிரியே, தனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சினு."

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றேன். "அவ பேர எழுதினா அவள எல்லாரும் காறித் துப்புவாங்க. ஏகாம்பரத்த அடிச்ச மாதிரி செத்தவள அடிக்க முடியாது, சரி. ஆனா நான் அந்தத் தெருவுலதான் நடக்கணும். காதுல விழும். ஒரு தபா என் வாயால ஒருத்தன் அடிபட்டது போதும்."

பெட்டியின் முன் உட்கார்ந்து 'சோதனை'யை அழித்துவிட்டு 'ஜெசிந்தா' என்று அடித்தேன். உறுதிப்படுத்த விரல் ரேகை கேட்டது. இடது மோதிர விரலை வைத்தேன், ஏற்கவில்லை. வலது கையை வைத்தேன்.

இரண்டாம் நாள் குளிர்பெட்டியில் மருந்து வந்தது. விதிப்படி முதல் ஊசி வேருக்கு. முப்பது பேர் வரிசையில் நிற்க, என்னை முதலில் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு இடத்திலும் எனக்கு முதல் மரியாதை கிடைத்ததில்லை, அங்கே கிடைத்தது. வரிசையில் நின்ற ஒருத்தி என் காலடியில் துப்பினாள். ஆட்டோ டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பவளத்தின் மருந்துக் குப்பி குளிர்பெட்டியிலேயே இருந்தது. அவள் பெயர் எழுதிய ஸ்டிக்கரோடு. யாருக்கும் போடாமல் திருப்பி அனுப்பினார்கள்.

டாக்டர் சொன்னதும் அப்படியே நடந்தது. பேனாக்களைப் பறிமுதல் செய்தார்கள். வேறு இரண்டு மையங்களில் மூடிக்குள் அதே பழுப்பு வளையம் இருந்ததாம், இரண்டு புது மரங்கள் முளைத்தன. கூடவே நாற்பது மையத்திலிருந்தும் எங்கள் ஆட்கள் எல்லாரையும் நிறுத்தினார்கள். வேலை போனவர்கள் எனக்குப் போன் செய்து ஏசினார்கள். "ஒன்னால எங்க சோறு போச்சு" என்று ஒருத்தி அரைமணி நேரம் அழுதாள். போனைக் கீழே வைக்காமல் கேட்டேன். அதைவிட வேறென்ன செய்ய முடியும்?

பிறகு ஷூ போட்ட பட்டதாரிகள் வந்து சுவரோரம் குடை விரித்து உட்கார்ந்தார்கள். ஒருவரும் விரலை நீட்டவில்லை. இரண்டு மாதம் ஈ ஓட்டினார்கள். தடுப்பு ஊசிக்கும் ஆள் வராமல், எச்.ஐ.வி. மறுபடி ஒரு பெண்ணிடம் தலைகாட்டியதும் மேலிடம் விழித்துக்கொண்டது. பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், புதிதாகவும் எடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போது ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறேன்.

மருந்து போட்ட ஆறாம் மாதம் மறுபரிசோதனைக்கு வரச்சொல்லிச் சீட்டு வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, போகாமல் ஒளிந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மையத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் உட்கார்ந்த நாற்காலியில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தாடியை எடுத்திருந்தான். உதட்டில் தழும்பு மட்டும் இருந்தது.

"உக்காருக்கா," என்றான். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "நான் இங்க வந்து ஒரு மாசம் ஆவுது. வேற எவனும் வரல. டாக்டரம்மா கூப்பிட்டாங்க."

"எப்டி இருக்குடா வேலை?"

"கஷ்டம்தான். நம்பவே மாட்டேங்கறாங்க."

எனக்கு எதிரே உட்கார்ந்து நம்பாமல் பார்க்கும் கண்களை நான் பதினோரு வருடம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது என் கை மடியை விட்டு எழவில்லை. வியர்த்திருந்தது. ஒரு சொட்டு ரத்தத்துக்கு இவ்வளவு பயப்படுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்ன வருமோ என்ற பயம். எவன் தலையில் விடியுமோ என்ற பயம்.

ஏகாம்பரம் அதைக் கவனித்தான். தட்டில் ஒரே ஒரு ஊசி இருந்தது, உறையோடு. ஒரு தடவை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ரகம், ஆளுக்கு ஒன்று. உறையைப் பிரித்தான். என் கையைப் பார்த்தான். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே, தன் இடது கையைத் திருப்பி மோதிர விரலை நிமிர்த்தினான்.

"பாருக்கா, ஒண்ணும் வலிக்காது. மொதல்ல என் விரல்..."

அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

"வேணாம்டா. நம்பறேன். என்னக் குத்து."